எட்டடி மீன் தொட்டி: கண்ணாடியா, பலகையா, சிமெண்டா? வடிகட்டிக்கு எது?

பேராக் மாநிலத்துப் பாகான் செராய் பக்கம் பெரிய மீன் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்குக் குறைவே இல்லை. பக்கத்திலேயே புக்கிட் மேரா ஏரி இருக்கிறது. கிரியான் வயல்களுக்குப் பாசனம் செய்ய 1906-இல் கட்டிய ஏரி அது. கெலிசா எனும் தங்க நிற அரோவானா மீனுக்குப் பேர்போனது. அந்த மீனைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகு டைல்ஸ் போட்ட ஹால் ஒன்று கிடைத்ததும், அங்கே ஒரு நீளத் தொட்டி இருந்தால் எப்படி இருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. பசார் மாலாமில் விரல் நீளத்தில் வாங்கிய லம்பாம் மீன் இரண்டு வருஷத்தில் முழங்கை நீளத்தை நெருங்கும்போது அந்தக் கணக்கு அவசரமாகிறது.

கடையில் எட்டடித் தொட்டியை ரெடிமேடாக வாங்கினால் விலையும் ஏறும், அதைத் தூக்கி வர ஆளும் கிடைக்காது. அதனால் பலரும் வீட்டிலேயே கட்டத்தான் பார்க்கிறார்கள். முதலில் வரும் கேள்வி எதில் கட்டுவது என்பது. அதைவிட முக்கியமான கேள்வி அந்தத் தண்ணீரை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்பது. அது எப்போதும் பிறகுதான் வரும். இரண்டையும் சேர்த்து யோசித்தால்தான் சரியான முடிவு கிடைக்கும். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அளவு: நீளம் எட்டடி, அகலம் இரண்டரை அடி, உயரம் இரண்டடி. சென்டிமீட்டரில் 240, 75, 60. விளிம்பு வரை நிரப்பினால் 1,080 லிட்டர் பிடிக்கும்.

எடையும் உயரமும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர், கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 1,300 கிலோ பக்கம் வரும். நாலு பேர் ஏறிய மைவி காரைக் கொண்டுவந்து ஹாலில் நிறுத்துவதைப் போன்ற பாரம். மாடி வீட்டின் மேல்தளத்தில் இதை வைக்க வேண்டாம். வீட்டு மாடித் தரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ பாரத்துக்குத்தான் கணக்கிடப்படுகிறது, இந்தத் தொட்டியோ அதே இடத்தில் 700 கிலோவைத் தாண்டும். தரைத்தளத்திலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். கிரியான் சமவெளி கடலோரக் களிமண். இங்கே பல வீடுகளில் தரை கொஞ்சம் இறங்கி, சுவரோரத்தில் விரிசல் விட்டிருக்கும். தொட்டி வைக்கப் போகும் இடத்தில் நீர்மட்டக் கோல் வைத்துப் பாருங்கள். டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்தால் இடத்தை மாற்றுவதே நல்லது.

அடுத்து உயரம். எல்லோரும் ஆசைப்படுவது உயரத்துக்குத்தான். எங்கள் வரிசையில் இருக்கும் பையன் ஒருவனும் அதையேதான் கேட்டான்.

"அண்ணே, மூனடி ஏத்திட்டா அழகா இருக்கும்லா?"

"அடியில ஒரு கல்லு விழுந்தா எப்படி எடுப்ப தம்பி? கை எட்டுமா?"

கை எட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் பலம் ஆழத்தைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் எட்டடி முன்கண்ணாடியின் மேல் விழும் மொத்தத் தள்ளல் சுமார் 430 கிலோ. அதையே 90 சென்டிமீட்டர் ஆக்கினால் 970 கிலோ. உயரம் ஒன்றரை மடங்கு கூடினால் தள்ளல் இரண்டே கால் மடங்கு கூடிவிடுகிறது. கண்ணாடித் தடிமன், ஒட்டுக்கு வரும் இழுப்பு, செலவு எல்லாம் அதன் பின்னாலேயே ஏறும். அகலத்தைக் கூட்டிப் பாருங்கள்: முன்கண்ணாடியின் மேல் தள்ளல் ஒரு கிலோகூட ஏறாது, தண்ணீர் மட்டும் கூடும். மீனுக்கும் அகலம்தான் வேண்டும். கலோய் (ராட்சத கௌராமி) இரண்டடிக்கு மேல் வளரும். கெலிசாவும் தொட்டியிலேயே அந்த நீளத்தைத் தொட்டுவிடும். திரும்ப இடமில்லாத தொட்டியில் அது எவ்வளவு உயரம் இருந்தாலும் மீனுக்குச் சிறைதான். ஆகவே உயரத்தை இரண்டடியில் நிறுத்துங்கள். மிச்சமாகும் பணத்தை அகலத்திலும் வடிகட்டியிலும் போடுங்கள்.

பெட்டி எதில்?

கண்ணாடி எல்லோருக்கும் பழக்கமானது. இந்த அளவுக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி, மேலே சுற்றிலும் ஒரு பட்டை, குறுக்கே இரண்டு பட்டை வேண்டும். ஐந்து பலகைகளும் சேர்ந்து 165 கிலோவைத் தாண்டும் என்பதால் வெளியே ஒட்டி உள்ளே தூக்கி வரும் வேலையை மறந்துவிடுங்கள். ஹாலிலேயே, ஸ்டாண்டின் மேலேயே ஒட்ட வேண்டும். ஸ்டாண்டை வெல்டிங் கடையில் சொல்லி இரும்புச் சதுரக் குழாயில் அடித்து, அதன் மேல் தடித்த பலகை, அதன் மேல் பாலிஸ்டிரின் அட்டை போட்டால் சின்ன மேடுபள்ளத்தை அது விழுங்கிக்கொள்ளும்.

சிலிகான் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பிழியும்போது வினிகர் வாடை அடிக்கும் சுத்தச் சிலிகான்தான் வேண்டும். குளியலறைக்கு, பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருக்கும் டியூபை எடுக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம். விளிம்பை அசிட்டோனில் துடைத்து, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சில் தடிமனில் ஒரே இழுப்பாக இட்டு, கண்ணாடியை நிறுத்த வேண்டும். அழுத்திய பிறகு அந்தச் சிலிகான் கோட்டை வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளியாய் மின்னும் புள்ளி இருந்தால் அது காற்று. நாளைக்கு அங்கேதான் கசியும். ரொம்பவும் அழுத்திச் சிலிகானையெல்லாம் வெளியே தள்ளிவிடவும் கூடாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் மெத்தை இருந்தால்தான் அது இழுபட்டுக் கொடுக்கும். காய்ந்த சிலிகான் மேல் புதுச் சிலிகான் சரியாகப் பிடிக்காது, எனவே பாதி ஒட்டிவிட்டு மறுநாள் தொடரலாம் என்ற எண்ணம் வேண்டாம். உதவிக்கு மூன்று பேர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரே மூச்சில் முடித்து, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். சம்ப் (தொட்டிக்கு அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைக்கும் எண்ணம் இருந்தால் ஓட்டையைக் கண்ணாடிக் கடையிலேயே போட்டு வாங்கிவிடுங்கள். டெம்பர் செய்த கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, போட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும்.

பலகைத் தொட்டி வேறு ரகம். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் பெட்டி அடித்து, உள்ளே ஃபைபர் பூசி, முன்னால் மட்டும் கண்ணாடி வைப்பது. பிளைவுட் எட்டடிக்கு நாலடியில் வருவதால் எட்டடித் தொட்டிக்கு நீளவாக்கில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. ஒரே ஒரு பெரிய கண்ணாடிதான் என்பதால் அகலம் மூன்றடி, நான்கடி என்று போகும்போது செலவு நிறையவே மிஞ்சும். ஓட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம். மச்சான் ஒருவர் தச்சு வேலை தெரிந்தவராக இருந்தால் இதுதான் மலிவு.

ஆனால் இது நுணுக்கமான வேலை. உள்மூலைகளை நேர்க்கோணமாக விட்டால் ஃபைபர் பாய் மடியாமல் உள்ளே காற்று நிற்கும். புட்டியால் வளைவாக்கிவிட்டுத்தான் பாய் விரிக்க வேண்டும். குறைந்தது இரண்டு அடுக்கு. பாயின் மேல் பூசும் பிசினான சாதாரண ரெசின் காற்றுப்படும் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே இருக்கும். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்தது அடித்தால்தான் முழுசாக இறுகும். கண்ணாடியை உள்ளிருந்து சட்டத்தில் பதிக்க வேண்டும், அப்போது தண்ணீரே அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். ரெசின் மேல் சிலிகான் பிடிக்கும் அந்த இடம்தான் இந்தத் தொட்டியின் பலவீனம். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்த பிறகே ஒட்டுங்கள். பூசும் நாட்களில் வரும் ஸ்டைரீன் வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. கார் நிறுத்தும் இடத்தில் செய்து, நாலு பேர் சேர்ந்து உள்ளே தூக்குங்கள். கண்ணாடி பிறகுதானே வரும், தூக்கும்படிதான் இருக்கும். தண்ணீர் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுக் கொட்டி, வாடை போகும் வரை மறுபடியும் ஊற்றிக் கொட்டுங்கள்.

கரையானையும் சொல்லியாக வேண்டும். செம்பனைக் காட்டை ஒட்டிய தாமான்களில் அது கதவு நிலையையே தின்னும். பலகைத் தொட்டியை நேரே தரையில் உட்கார வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிப்புறமும் பூசிவிடுங்கள். பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கும் இடைவெளி இருந்தால் மண்கோடு ஏறுவது முதல் நாளே கண்ணில் படும்.

செங்கல், சிமெண்டுத் தொட்டி வீட்டுக்கு வெளியே அருமையானது. ஹாலுக்குள் எனக்கு அதில் விருப்பமில்லை. செங்கல்லின் எடையும் சேரும், தரை இறங்கினால் முதலில் விரிவது அதுதான், பிறகு இடம் மாற்றவும் முடியாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) ஏறிவிடும். நீர் புகாப் பூச்சு அடித்து, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகே மீன் விட முடியும். அக்ரிலிக் லேசானது, தெளிவானது; இந்த அளவில் விலை கட்டுப்படியாகாது, கீறலும் விழும். கறுப்புப் பாலி டாங்கியை வெட்டி ஜன்னல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கில் சிலிகான் ஒட்டவே ஒட்டாது. டாங்கியும் நீல டிரம்மும் வடிகட்டிக்குப் பயன்படும், அங்கே அவற்றை மிஞ்ச ஆளில்லை.

வடிகட்டி

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் மீன் சாகும். காரணம் அமோனியா. 40 விழுக்காடு புரதம் உள்ள தீனியை நாளைக்கு 50 கிராம் போட்டால் ஏறக்குறைய 1.8 கிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். ஆயிரம் லிட்டரில் அது லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், ஒரே நாளில் மீனின் செவுளை வாட்டும் அளவு. இதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியா. அது கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழும். அதற்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடமும் நிறையக் காற்றும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான். மீனும் பாக்டீரியாவும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த வடிகட்டி நல்லது என்பதை நான் இந்த இரண்டை வைத்துத்தான் பார்க்கிறேன், மூன்றாவதாகக் கழுவுவது எவ்வளவு சுலபம் என்பதை.

மேலே வைக்கும் பெட்டி வடிகட்டி எல்லா மீன் கடையிலும் கிடைக்கும். பம்ப் தண்ணீரை ஏற்றும், பஞ்சு வழியாக இறங்கி, கல் வழியாக ஓடி, தொட்டியிலேயே விழும். கழுவ ஐந்து நிமிடம் போதும். கரண்ட் போனால் வெள்ளம் வராது. நாலடித் தொட்டிக்கு இதைவிட நல்லது கிடையாது. எட்டடிக்கு இது சின்னது. இரண்டு பெட்டி வைத்தாலும் கல் பிடிக்கும் அளவு போதாது. பெரிய மீனின் கழிவில் பஞ்சு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

கேனிஸ்டர் என்ற மூடிய டப்பா வடிகட்டி சத்தமில்லாதது, பார்க்க நேர்த்தியானது. எனக்கு அதில் இருக்கும் பயம் கரண்டுதான். பக்கத்துத் தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. நமக்கும் இடியும் மின்தடையும் புதிதல்ல. மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகும். ஆயிரம் லிட்டருக்குப் பெரிய கேனிஸ்டர் குறைந்தது இரண்டு வேண்டும். அந்தப் பணத்தில் சம்ப் கட்டிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

சம்ப் என்பது ஸ்டாண்டுக்கு அடியில் இன்னொரு தொட்டி. மேல் தொட்டியின் தண்ணீர் விளிம்புப் பெட்டி வழியாக வழிந்து இறங்கும், முதலில் பஞ்சு, அப்புறம் கல், கடைசி அறையில் பம்ப், மறுபடி மேலே. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 240 லிட்டர் சொச்சம். கல்லும் பஞ்சும் வேண்டிய மட்டும் போடலாம். தண்ணீர் விழுந்து விழுந்து காற்றும் கலக்கும். சம்ப் பழைய கண்ணாடித் தொட்டியாகக்கூட இருக்கலாம்.

சம்ப் பற்றிய பயம் ஒன்றுதான்: கரண்ட் போனால் தரையெல்லாம் தண்ணீர். அதைக் கணக்குப் போட்டே தடுக்கலாம். 240-க்கு 75 பரப்பில் நீர்மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கினால் 54 லிட்டர் கீழே வரும். சம்பில் எப்போதும் நூறு லிட்டர் காலி இடம் இருக்கும்படி ஓட்டினால் போதும். ஆபத்து மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாயில் இருக்கிறது. அதன் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டரில் இருந்தால், பம்ப் நின்றதும் அது பின்னோக்கி உறிஞ்சி 180 லிட்டரை இறக்கிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தக் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டால், மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்து உறிஞ்சலை அறுத்துவிடும். துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த அன்றே, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, சுவிட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள்.

நீல டிரம்மில் பிளாஸ்டிக் சக்கரத் துண்டுகளைப் போட்டு, ஏர் பம்பால் கொதிப்பது போல் சுழலவிடும் முறையும் உண்டு. துண்டுகள் ஒன்றோடொன்று உரசித் தாமே சுத்தமாகிக்கொள்ளும், அடைப்பே வராது. நிறைய மீன் வைப்பவர்களுக்கு இது பிரமாதம். ஹாலுக்குள் இரவெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும் என்பதுதான் குறை. பின்கட்டில் வைக்க இடமிருந்தால் நான் தயங்காமல் இதைச் சம்போடு சேர்ப்பேன்.

மணி பிளாண்டின் வேரைச் சம்ப் தண்ணீரில் தொங்கவிடுங்கள், கங்கோங் தண்டையும் செருகலாம். நைட்ரேட்டை அவை உறிஞ்சும். அதை வைத்துத் தண்ணீர் மாற்றுவதைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

நம் ஊரில் பலர் கவனிக்காத ஒன்று தண்ணீரின் மென்மை. பாக்டீரியா ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றும்போது, பிஎச் சரியாமல் தாங்கும் காரத்தில், சுண்ணாம்புக் கணக்கில், 7 கிராமைச் சாப்பிடும். மேலே சொன்ன 50 கிராம் தீனிக்கு நாளைக்கு 13 கிராம். குழாய்த் தண்ணீரில் காரம் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம்தான் என்றால் ஆயிரம் லிட்டரின் இருப்பு இரண்டே நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் பிஎச் சரியும், பாக்டீரியா சோர்ந்துபோகும், மீன் மூலையில் ஒதுங்கும். நாம் நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுவோம். ஒரு வலைப்பையில் பவளக் கல் நிரப்பிச் சம்பில் போடுங்கள். பிஎச் இறங்கும்போது அது தானே கரைந்து ஈடு கொடுக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை, ஆன்டி குளோரின் போட்டு மாற்றுங்கள். எந்த விலையுயர்ந்த வடிகட்டியும் இந்த இரண்டுக்கும் ஈடாகாது.

பம்ப் மணிக்கு நாலாயிரம், ஐயாயிரம் லிட்டர் தள்ள வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. நாலைந்து அடி ஏற்றினால் நன்றாகவே குறையும். அதனால் ஒரு படி பெரியதாக எடுங்கள். 100 வாட் பம்ப் ராப்பகலாக ஓடினால் மாதம் 72 யூனிட், 40 வாட் டிசி பம்ப் என்றால் 29 யூனிட். டிசி பம்ப் வாங்கும்போது விலை கூடுதல்தான், பில்லில் திரும்பி வரும். பிளக் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் போடாமல் தொட்டிக்குள் கை விட வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும்.

யாருக்கு எது

இரண்டடி உயரம், இரண்டரை அடி அகலம் வரை என்றால் கண்ணாடியில் கட்டி, கீழே சம்ப் வையுங்கள். நம் ஊரில் சாதாரணக் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டும், கூடவே தச்சு தெரிந்த கையும் பூசத் திறந்த இடமும் இருக்கிறது என்றால் பலகையும் ஃபைபரும். வடிகட்டி அதே சம்ப், முடிந்தால் பின்கட்டில் டிரம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் எட்டடிக்குப் போக வேண்டாம். நாலடியும் மேல் பெட்டியும் வைத்து, அதற்கேற்ற மீனை வளருங்கள்.

மீன் தேர்வையும் இப்போதே செய்துவிடுங்கள். லம்பாம் ஏழெட்டு, ஒரு கலோய், இது எட்டடிக்குச் சரியான கூட்டம். கெலிசா என்றால், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன் அது. உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் இல்லாததை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். சிவப்பு வால் கெளுத்தி குட்டியாக அழகாகத்தான் இருக்கும். மூன்றடியைத் தாண்டி வளர்வதால் எட்டடியும் அதற்குப் போதாது, கடைசியில் யாரோ ஒருவர் அதை வயல் வாய்க்காலில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே இருக்கும் நம் மீனை அது தின்றுவிடும்.

புதுத் தொட்டியின் சிலிகான் காயத் தொடங்கும் நாளிலேயே, சம்புக்கு வாங்கிய கல்லில் ஒரு பையை எடுத்துப் பழைய தொட்டியின் வடிகட்டிக்குள் போட்டு வையுங்கள். பாக்டீரியா புதிதாகப் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டியில் ஊறிய கல் அந்தக் காத்திருப்பைக் குறைக்கும். தொட்டியை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு நாள் விட்டு, ஒட்டுகளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மேலே நிரப்புங்கள். முதலில் இரண்டு லம்பாம் மட்டும் விடுங்கள். அமோனியாச் சோதனைப் புட்டி தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு மற்றதையும், கடைசியாகக் கலோயையும் மாற்றலாம்.